இடது மட்டையின் மீதான விசாரணை

ஜனவரி 4, ஞாயிறு

இன்று முதல் விசாரணை தொடங்குகிறது. பிரெஞ்சு ராணுவத்தில் பதினேழு வருடம் இருந்தவன் நான். எது கெட்டுப்போனாலும் முதலில் ஒரு நோட்டுப் போட்டுத் தேதி எழுதுவது பழக்கம். வயது அறுபத்தொன்பது ஆகியும் பழக்கம் போகவில்லை.

குற்றவாளி, என் வீட்டுப் பின்னறையில் நிற்கும் ஃப்ளிப்பரின் இடது மட்டை. ஃப்ளிப்பர் என்பது பிரான்சில் சொல்கிற பெயர். இங்கிலீஷ் படம் பார்க்கிறவர்களிடம் பின்பால் என்றால் புரியும். என் மனைவி ரொசாலிக்கு அது 'அந்தச் சனியன்'. கண்ணாடிக்கு அடியில் ஒரு சாய்ந்த பலகை. அதில் உருண்டு வரும் ஓர் இரும்புக் குண்டு. அது கீழே இருக்கும் இடைவெளியில் விழுந்துவிடாமல் தட்டி மேலே அனுப்ப இரண்டு சின்ன மட்டைகள். பெட்டியின் இரண்டு பக்கமும் மட்டைக்கு ஒரு பொத்தான். அவ்வளவுதான் விஷயம். இந்த அவ்வளவைத்தான் ஐம்பது வருடமாக விட்டும் தொட்டும் ஆடிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு குற்றங்கள். பொத்தானை அமுக்கினால் இடது மட்டை தாமதமாக எழுகிறது. அமுக்கிப் பிடித்து, மட்டையின் மேல் குண்டைத் தாங்கி நிறுத்தினால், மட்டை தானாகவே துடிக்கிறது. எங்கேயோ வயர் உரசுகிறது என்பது என் கட்சி.

கிறிஸ்துமஸுக்கு லியோனிலிருந்து வந்திருந்த மகள் மோனிக்கின் கட்சி வேறு. "அப்பா, நடக்கும்போது உங்க எடது கை ஆடவே மாட்டேங்குது. ஒட்டவச்ச மாதிரி தொங்குது" என்றாள். அதோடு விடாமல் பிப்ரவரி 3-ஆம் தேதிக்கு நரம்பு டாக்டரிடம் என் பெயரைப் பதிந்துவிட்டுத்தான் விமானம் ஏறினாள்.

ஃபோனில் ஓர் ஒப்பந்தம் போட்டேன். அந்தத் தேதிக்குள் பழுது மட்டையில்தான் என்று நான் நிரூபித்துவிட்டால் டாக்டர் கிடையாது. மோனிக் உடனே சரி என்றாள். கொஞ்சம்கூட வாதாடவில்லை. வாதாடாமல் விட்டுக்கொடுக்கிற பெண்ணை நான் வளர்க்கவில்லை. இதில் ஏதோ இருக்கிறது.

ஜனவரி 6, செவ்வாய்

மெக்கானிக் ஏகாம்பரம் வந்தார். இருபது வருடமாக இந்த இயந்திரத்துக்கு அவர்தான் வைத்தியர். என்னை 'முசே' என்பார், பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம். நான் பிரெஞ்சு வரைபடத்தைப் படித்துச் சொல்ல, அவர் திருகுகளைக் கழற்றுவார். பலகையைத் தூக்கி நிறுத்தி ஒன்றரை மணிநேரம் நோண்டினார்.

"காயில் நல்லாருக்கு முசே. காண்டாக்டு தேய்ச்சிட்டன். ஸ்பிரிங்கும் புச்சா போட்டுட்டன். இப்ப பாருங்க."

குண்டை இடது மட்டையில் நிறுத்திக் காட்டினார். அசையவில்லை. பிறகு நான் பிடித்தேன். துடித்தது. குண்டு தத்தித் தத்திப் போய் இடைவெளியில் விழுந்தது.

"பாத்தீங்களா!" என்று கத்தினேன். குற்றவாளியைக் கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷம்.

ஏகாம்பரம் மட்டையைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தார். பிறகு காபியோடு வந்து நின்ற ரொசாலியைப் பார்த்தார். ரொசாலி தரையைப் பார்த்தாள்.

"இந்தப் பழுது ஆளப் பாத்து வருது முசே" என்றார். காபியில் சர்க்கரை போதவில்லை என்று சொல்லாமல் குடித்தார். இருபது வருடத்தில் இதுதான் முதல் முறை. இவர்கள் இரண்டு பேரும் எனக்குத் தெரியாமல் பேசி வைத்திருக்கிறார்கள்.

ஜனவரி 7, புதன்

மீன்காரி அஞ்சலை கொடுத்தது ஐஸ் மீன். குழம்பில் வாசனையே இல்லை. தெருவே மணக்கிறது என்கிறாள் ரொசாலி. மீன்காரியும் இவளும் வெகுநாள் சிநேகம், விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

ஜனவரி 9, வெள்ளி

அறிவியல் முறையில் ஒரு சோதனை. துணிக்குப் போடும் கிளிப்பையும் அட்டைத் துண்டையும் வைத்து இடது பொத்தானை அமுக்கியபடியே கட்டிவிட்டேன். மட்டை அரைமணி நேரம் தூக்கிய கையோடு நின்றது. துடிக்கவில்லை.

என் முடிவு: இது மனிதச் சூடு பட்டால் மட்டும் வருகிற பழுது. உள்ளே ஈரம் கோத்திருக்க வேண்டும். கடற்கரை ஊரில் இது சகஜம்.

"அப்ப ஏகாம்பரத்துக்கு சூடு இல்லியா?" என்றாள் ரொசாலி. சம்பந்தமில்லாத கேள்வி.

புதுப் பேனா சரியில்லை. வரி போகப் போக எழுத்து சிறுத்துக்கொண்டே போகிறது. முதல் வரி மனுஷன் எழுத்து, கடைசி வரி எறும்பு. நாளைக்கு வேறு வாங்க வேண்டும்.

ஜனவரி 11, ஞாயிறு

விசாரணையில் பெரிய திருப்பம்.

பெட்டிக்கு உள்ளே ஒரு சின்ன எண்ணி உண்டு. வண்டிக்குக் கிலோமீட்டர் போல, இதுவரை எத்தனை ஆட்டம் ஆடப்பட்டது என்று காட்டும். நேற்று மாலை நான் ஆடி முடித்தபோது 41,216. இன்று காலை முதல் பூசைக்குப் போய்விட்டு வந்து திறந்து பார்த்தால் 41,221.

நான் கோவிலில் முழந்தாளிட்டிருந்தபோது என் வீட்டில் யாரோ ஐந்து ஆட்டம் ஆடியிருக்கிறார்கள்.

ரொசாலியிடம் கேட்டேன். "காத்தடிச்சிருக்கும்" என்றாள். காற்றுக்கு ஃப்ளிப்பர் ஆடத் தெரியாது. கல்யாணமாகி நாற்பத்தொரு வருடத்தில் ரொசாலி அந்தப் பொத்தானை ஒருமுறைகூடத் தொட்டதில்லை, ஆகவே அவள் இல்லை. அப்படியானால் அவள் யாரையோ உள்ளே விடுகிறாள். ஆட்டத்தில் ருசி உள்ளவன் எவனோ ஒருவன்.

ருசி என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். பதினெட்டு வயதில் பிரான்சில் கால் வைத்த முதல் குளிர்காலம். பேசுவது பாதிதான் புரியும். சாப்பாட்டில் காரம் இல்லை. புதுச்சேரிப் பிள்ளைகள் மூன்று பேர் பாரக்கில், அதாவது ராணுவக் கொட்டடியில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு அழுவோம். அப்போது பாரக்கை ஒட்டிய காபிக்கடையில் இதை முதன்முதலாகப் பார்த்தேன். அதனோடு பேச பிரெஞ்சு தேவையில்லை. என்ன நிறம், எந்த ஊர் என்று அது கேட்கவில்லை. தட்டினால் மணியடித்தது. அந்த ஊரில் நான் செய்த ஒரு காரியத்துக்கு உடனே பதில் வந்தது அங்கேதான். ஆறு மாதத்தில் கடையிலிருந்த வெள்ளைக்காரர்கள் எல்லாம் என் கையை வேடிக்கை பார்க்கச் சுற்றி நின்றார்கள். முக்கியமாக இடது கையை. 'இடதுகை இந்தியன்' என்பார்கள். எழுதுவது வலது கைதான், ஆனால் இடது மட்டையில் என்னை அடிக்க ஆளில்லை.

அந்தக் கையைத்தான் டாக்டரிடம் காட்டச் சொல்கிறார்கள்.

ஜனவரி 15, வியாழன்

கோவிலில் பொங்கல் பூசை. எதிர்வீட்டு வாத்தியாருக்குக் காது போய்விட்டது. நான் சொல்வதையெல்லாம் "இன்னா? இன்னா முசே?" என்று மூன்று முறை கேட்கிறார். ரொசாலி பேசினால் மட்டும் கேட்கிறது.

சட்டைப் பொத்தான் போட இன்று வெகுநேரம் ஆனது. சலவைக்காரர் கஞ்சியை அள்ளிக் கொட்டியிருக்கிறார். ரொசாலி கேட்காமலேயே வந்து கடைசி மூன்று பொத்தானைப் போட்டுவிட்டாள்.

ஜனவரி 18, ஞாயிறு

பொறி வைத்தேன். பூசைக்குக் கிளம்பும் முன் இரண்டு பொத்தானிலும் லேசாக முகப்பவுடர் தூவினேன். கைரேகை கிடைக்கும் என்று எண்ணம்.

திரும்பி வந்தால் பொத்தான்கள் பளபளவென்று துடைத்துக் கிடக்கின்றன. எண்ணியில் ஆறு ஆட்டம் கூடியிருக்கிறது. பெட்டியின் கண்ணாடியில் கையை வைத்தேன், இன்னும் சூடு ஆறவில்லை.

"தூசு தட்டினன்" என்றாள் ரொசாலி. 'அந்தச் சனியனுக்கு' அவள் தூசு தட்டுவதாம். பூக்காரி வந்ததாகப் பேச்சை மாற்றினாள். அவள் கண் சிவந்திருந்தது. வெங்காயம் உரித்தாளாம். சமையலறையில் வெங்காயத் தோல் எதுவும் இல்லை. நான் பார்த்தேன்.

எனக்குச் சந்தேகம் ஏகாம்பரத்தின் மேல். நான் இல்லாத நேரத்தில் வந்து, மட்டையில் பழுதில்லை என்று நிரூபிக்க ஆடிப் பழகுகிறார். இவள் கதவைத் திறந்துவிடுகிறாள்.

ஜனவரி 20, செவ்வாய்

ஏகாம்பரத்தின் கடைக்கே போனேன். ரேடியோ ஒன்றைப் பிரித்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஞாயித்துக்கிழம காலைல எங்க இருந்தீங்க?"

"வில்லியனூர்ல, பொண்ணு வூட்ல. ஏன் முசே, போலீசு மாதிரி கேக்கறீங்க?"

"சும்மாதான்."

ரேடியோவில் ஒரு திருகை முறுக்கினார். "முசே, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?"

"கோச்சுக்குவன்."

"அப்ப சொல்லல."

நல்லது என்று எழுந்து வந்துவிட்டேன். அவர் இன்னொரு தடவை கேட்டிருந்தால் நான் திரும்ப உட்கார்ந்திருப்பேனோ என்னவோ. வரும் வழியில் இடது செருப்பு இரண்டு தடவை கழன்று பின்னாலேயே நின்றுவிட்டது. புதுச் செருப்பு. செருப்புக் கடைக்காரன் அளவு மாற்றிக் கொடுத்திருக்கிறான்.

ஜனவரி 22, வியாழன்

இன்று ஆடவில்லை. குற்றவாளியோடு பேச்சுவார்த்தை கிடையாது.

சந்தேகப்படுவதில் ரொசாலியும் லேசுப்பட்டவள் இல்லை. கல்யாணமான புதிதில் இனி ஃப்ளிப்பர் தொடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்து, ஏழு மாதம் காப்பாற்றினேன். பிறகு பிரான்சில் துலூஸ் நகரில் இருந்தபோது வேலை முடிந்து வரும் வழியில் ஒரு காபிக்கடையில் தினமும் ஒரு மணிநேரம். சட்டையில் புகை நாற்றம், முகத்தில் களிப்பு. ரொசாலி என்ன நினைப்பாள்? ஒருநாள் பின்னாலேயே வந்துவிட்டாள். புடவைக்கு மேல் என் ராணுவக் கோட்டு, காலில் பூட்ஸ். கடை வாசலில் நின்று பார்த்தாள். நான் பார்த்துவிட்டேன், ஆனால் கடைசிக் குண்டு ஓடிக்கொண்டிருந்தது. திரும்பவில்லை. குண்டு விழும்வரை அப்படியே நின்றாள்.

"பொம்பளயா இருந்தா சண்ட போடலாம். இதோட நான் என்னா பண்றது?" என்றாள் வழியெல்லாம்.

அப்புறம் மோனிக் பிறந்து ஒன்பது வருடம் விட்டிருந்தேன். மறுபடி தொட்டேன். காபிக்கடைகளில் இயந்திரங்களை எடுத்துவிட்டார்கள், மறுபடி விடவேண்டி வந்தது. ஊர் திரும்பும்போது, மூடப்போகிற ஒரு கடையிலிருந்து இதைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தேன். ரொசாலி ஒரு மாதம் பேசவில்லை. அப்படிப்பட்டவள் இப்போது யாருக்காகக் கதவு திறக்கிறாள்?

ஜனவரி 25, ஞாயிறு

எழுதியே ஆக வேண்டும்.

முதல் பூசையில் நற்செய்தி வாசித்து முடிந்ததும், சாமியார் பிரசங்கத்துக்குத் தொண்டையைச் செருமிய நேரத்தில், பக்கவாட்டுக் கதவால் வெளியே வந்தேன். ஆண்டவர் மன்னிப்பாராக. கொல்லைப்பக்கமாக வீட்டுக்குள் நுழைந்தேன். பின்னறையில் மணிச்சத்தம்.

உள்ளே ஏகாம்பரம் இல்லை. வேறு யாரும் இல்லை. ரொசாலி மட்டும் நின்றிருந்தாள். முந்தானையை இடுப்பில் செருகி, வலிக்கிற முழங்காலுக்கு ஒரு தலையணையை இயந்திரத்தின் காலோடு அண்டைக் கொடுத்து, இரண்டு கையையும் பொத்தானில் வைத்திருந்தாள். பலகையில் புள்ளிக் கணக்கு பதினெட்டு லட்சத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. இந்த வருடத்தில் நான் ஏழு லட்சத்தைத் தாண்டவில்லை.

அவள் குண்டை இடது மட்டையில் பிடித்தாள். நிறுத்தினாள். அடிக்கவில்லை. குனிந்து அந்த மட்டையையே பார்த்தபடி நின்றாள். உதடு அசைந்துகொண்டிருந்தது. நான் வாசலில் நின்றேன். குண்டு விழும்வரை கூப்பிடவில்லை.

"எத்தன நாளா?" என்றேன்.

திடுக்கிட்டுத் திரும்பினாள். மறைக்க முயலவில்லை. "மோனிக் போனதுல இருந்து. நீங்க பூசைக்குப் போற நாளு, பழைய பட்டாளத்துக்காரங்க சங்கத்துக்குப் போற நாளு."

"எதுக்கு?"

"மட்டதான் துடிக்குதுன்னு சொன்னீங்கல்ல. நெசமான்னு பாக்கதான்."

"பாத்தியா?"

"குண்ட நிறுத்தி வச்சிட்டு, மாதாவே, ஒரே ஒரு தடவ துடிக்கட்டும்னு வேண்டிக்கிட்டு நிப்பன். துடிச்சா ஓடிவந்து உங்ககிட்ட சொல்லலாம்னு. மோனிக்குக்கு ஃபோன் போட்டு, உங்கப்பா சொன்னதுதான் சரின்னு சொல்லலாம்னு." முந்தானையை இடுப்பிலிருந்து உருவினாள். "ஒரு தடவகூட துடிக்கலிங்க."

எனக்கு முதலில் வந்தது கோபம். பதினெட்டு லட்சம் எடுத்தவள் என்ற பொறாமையும் அதில் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு, "திரும்பவும் நிறுத்து. அஞ்சு நிமிஷம்" என்றேன், கட்டளை போல. நிறுத்தினாள். ஐந்து நிமிடம் மட்டை ஆணியடித்ததுபோல நின்றது. பிறகு நான் பிடித்தேன். பத்து நொடிகூட ஆகவில்லை.

அப்போது முதல்முறையாக மட்டையை விட்டுவிட்டு என் விரலைப் பார்த்தேன். துடித்தது அதுதான். நான் சொல்லாமல், என்னைக் கேட்காமல், தனக்கென்று ஒரு தாளம் வைத்துக்கொண்டு துடித்தது. ரொசாலி தன் கையை என் கைமேல் வைத்து அழுத்தினாள். துடிப்பு குறைந்தது. நிற்கவில்லை.

இயந்திரத்தில் ஒரு பழுதும் இல்லை. இது எனக்கு முன்பே தெரியுமா என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன். கிளிப் போட்ட அன்றே தெரியும். ஏகாம்பரத்தைச் சொல்லவிடாமல் எழுந்து வந்தபோது நன்றாகவே தெரியும்.

எனக்குப் பயமாக இருக்கிறது. துப்பாக்கி பிடித்த காலத்தில்கூட இந்த வார்த்தையை நான் எழுதியதில்லை. எழுதிவிட்டேன்.

ஜனவரி 26, திங்கள்

பின்னறைக் கதவைச் சாத்தி வைத்திருக்கிறோம்.

பிப்ரவரி 3, செவ்வாய்

டாக்டர் என் மகள் வயசுப் பெண். கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் வேகமாகத் தட்டச் சொன்னாள். வலது தட்டியது. இடது நாலாவது தட்டிலேயே சோம்பியது. நடக்கச் சொன்னாள், ஒரு வாக்கியம் எழுதச் சொன்னாள். கண்ணை மூடச் சொல்லி மூக்கடியில் ஒரு புட்டியை நீட்டி, "என்ன வாசனை ஐயா?" என்றாள். காலிப் புட்டி வைத்து என்னை ஏமாற்றப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். ஒன்றுமில்லை என்றேன். கண்ணைத் திறந்தால் காபித்தூள். பக்கத்து நாற்காலியில் இருந்த ரொசாலி வரைக்கும் வாசனை போயிருந்தது, அவள் முகத்தில் தெரிந்தது.

பார்க்கின்சன் என்றாள் டாக்டர். மாத்திரையால் கட்டுக்குள் வைக்கலாம், மாற்ற முடியாது, மெதுவாகத்தான் போகும் என்று நிதானமாகச் சொன்னாள். அவள் எதையும் ஒளிக்கவில்லை. ஏதாவது ஒளித்து வைத்திருக்கிறாளா என்று நான்தான் தேடினேன்.

"ஃப்ளிப்பர் ஆடலாமா?" என்று கேட்டேன். அது என்ன என்று தெரியவில்லை அவளுக்கு. ரொசாலிதான் விளக்கினாள். கையால் காட்டி, குண்டு எப்படி வரும், மட்டையை எப்போது தட்ட வேண்டும், எப்போது காத்திருக்க வேண்டும் என்று. என்னைவிட நன்றாகவே விளக்கினாள். ஆடச் சொல்லிவிட்டாள் டாக்டர்.

அஞ்சலையிடம் இனிமேல் மீனைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது.

பிப்ரவரி 4, புதன்

மோனிக்கிடம் ஃபோனில் சொன்னோம். அழுதாள். ஒப்பந்தத்துக்கு ஏன் அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டாய் என்று கேட்டேன். "அம்மாதான் சொன்னாங்க, அப்பா தானே கண்டுபிடிக்கட்டும், நம்ம சொன்னா நம்ப மாட்டாருன்னு" என்றாள். ஆக, கூட்டுச்சதி இருந்தது உண்மை. நான் சந்தேகப்பட்டது வீணில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

இரண்டு பேரும் சேர்ந்து இரண்டாம் பூசைக்குப் போய் வந்தோம். காபி குடித்து முடித்ததும் ரொசாலி பின்னறைக் கதவைத் திறந்து சுவிட்சைப் போட்டாள்.

"நீ ஆடு. நான் பாக்கறன்" என்றேன்.

"எனக்கு ஒண்டியா ஆடப் புடிக்கல. வாங்க இப்பிடி. எடது எனக்கு, வலது உங்களுக்கு."

காபிக்கடைகளில் காதலர்கள் இப்படி ஆடுவார்கள். ஆளுக்கு ஒரு பொத்தான். தனியாக ஆடுகிற எங்களுக்குப் பார்க்கவே சிரிப்பாக இருக்கும், ஒரு குண்டு ஒரு நிமிடம் தாங்காது. இப்போது இரண்டு கிழங்கள் தோளும் இடுப்பும் இடித்துக்கொண்டு நின்றோம். பெட்டி ஓராளுக்குச் செய்தது. அவளுக்கு மூச்சு வாங்கியது. என் இடது கை சும்மா இருந்தது, அதை அவள் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். அங்கே அது எப்படித் துடித்தாலும் குண்டு விழாது.

முதல் குண்டு உடனே போயிற்று. "உங்களுது" என்றாள். "உன்னுது" என்றேன். சண்டை போட்டோம். இரண்டாவது குண்டை நான் வலதிலிருந்து மெதுவாக இடதுக்கு அனுப்பினேன். அவள் பிடித்து, நிறுத்தி, எனக்கே திருப்பி அனுப்பினாள். மூன்று நாலு தடவை அப்படிப் போய் வந்தது. நான் சத்தமாகச் சிரித்திருக்கிறேன் போலிருக்கிறது, எதிர்வீட்டு வாத்தியார் ஜன்னலருகே வந்து, என்ன முசே விசேஷம் என்று கேட்டார்.

பன்னிரண்டு ஆட்டம். அதிகபட்சம் மூன்று லட்சம்.

ஒரு விஷயத்தைக் கவனித்தேன். நான் ஒரு குண்டைத் தவறவிட்டால் அடுத்த குண்டை அவள் தவறவிடுகிறாள். நான் இரண்டு விட்டால் அவளும் இரண்டு. பதினெட்டு லட்சம் எடுத்த கை, கண்ணெதிரே சாவகாசமாக உருண்டு வரும் குண்டைப் பார்த்துக்கொண்டே விட்டுவிடுகிறது.

"வேணும்னுதான விடற?" என்றேன்.

"ஐயே, நான் நேத்து கத்துக்கிட்டவ. எனக்கு என்னா தெரியும்" என்று அடுத்த குண்டை ஏவினாள்.

பொய் சொல்கிறாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். இதை மட்டும் விசாரிக்கப் போவதில்லை.